இருட்டில் கல்யாணம், வெயிலில் விளம்பரம்

திருச்சி பெரிய கடைவீதியில் நகை வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர் ஒரு சங்கிலியைத் தூக்கிக் காட்டி, ‘‘இதுல இருபது கண்ணி இருக்கு சார், எடுத்துக்கங்க’’ என்கிறார்.

‘‘எத்தனை கிராம்?’’

‘‘இருபது கண்ணி சார்!’’

‘‘அது சரிங்க, எத்தனை காரட்?’’

‘‘அதான் சொன்னேனே... இருபது கண்ணி!’’

என்ன செய்வீர்கள்? செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த கடைக்கு நடப்பீர்கள். பவுனுக்கு எட்டு கிராம் என்பது நம் ஊரில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிக்கும் தெரியும். எடை பார்க்காமல் ஒரு மூக்குத்திகூட வாங்கமாட்டோம்.

அதே நீங்கள்தான், நாலு கடை தள்ளிப் போய் ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி கேமரா வாங்குகிறீர்கள். கேட்பது ஒரே ஒரு கேள்வி. ‘‘எத்தனை மெகாபிக்ஸல்?’’ ‘‘இருபது சார்!’’ ‘‘பேக் பண்ணுங்க!’’

கண்ணிக் கணக்கு சொல்லித் தங்கம் விற்கிற கூத்து இதுதான். பல வருஷமாக நடக்கிறது. நாமும் வாய் மூடி பில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

மெகாபிக்ஸல் என்பது வேறொன்றுமில்லை, புள்ளிக் கணக்கு. ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் மார்கழி மாசம் வாசல் அடைத்துப் போடுகிறார்களே, இருபது புள்ளிக் கோலம், அதை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் பெரிசு, புள்ளிக்குப் புள்ளி தாராளமாக இடம். அதே இருபது புள்ளியை ஒரு தீப்பெட்டி மேல் வைக்கச் சொன்னால்? வைக்கலாம். மாவும் மாவும் ஒட்டிக்கொண்டு கோலம் அலங்கோலமாகும். ஆனால் கணக்குப் புலி வந்து எண்ணினால் அங்கேயும் இருபது, இங்கேயும் இருபதுதான்.

கேமராவுக்குள் அந்த வாசல்தான் சென்சார். எத்தனை புள்ளி என்று நெற்றியில் ஒட்டி விற்கிறார்கள். வாசல் எவ்வளவு பெரிசு என்று மட்டும் மூச்சு விடமாட்டார்கள்.

சும்மா பொத்தாம்பொதுவாகத் திட்டினால் உங்களுக்கு உறைக்காது. எனவே இரண்டு கேமராக்களை எடுத்து வைத்துக்கொள்வோம். இரண்டுமே கைக்கு அடக்கமானவை, சட்டைப் பையிலோ பேன்ட் பையிலோ போட்டுக்கொள்ளக்கூடியவை. ஒன்று, 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100. இன்னொன்று, 2018-ல் வந்த கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ். முதலாவது 20.2 மெகாபிக்ஸல். இரண்டாவது 20.3. கடைக்காரர் தராசில் நிறுத்தால் கேனன் 0.1 கூட. ஜூம்? சோனியில் 3.6 மடங்கு, கேனனில் 40 மடங்கு! அப்புறம் என்ன சார் யோசனை? கேனன்தானே?

பொறுங்கள். டப்பாவின் நெற்றியில் இல்லாத கணக்கைப் பார்ப்போம்.

சோனியின் சென்சார் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8. பெருக்கினால் சுமார் 116 சதுர மில்லிமீட்டர். கேனனுடையது சுமார் 6.2-க்கு 4.6. பெருக்கினால் 28 சொச்சம். அதாவது சோனியின் வாசலுக்குள் கேனனின் வாசல் நாலு அடங்கும். அடுத்து லென்ஸின் வாய். ‘எஃப்’ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். எண் குறைந்தால் வாய் பெரிசு. ஜூம் செய்யாத நிலையில் சோனிக்கு 1.8. கேனனுக்கு 3.3. இதை வர்க்கம் போட்டு வகுத்துப் பார்த்தால், ஒரே அளவு பரப்பில் சோனியில் மூன்று மடங்குக்கும் மேல் வெளிச்சம் விழுகிறது. வாசலும் நாலு மடங்கு, வாயும் மூணேகால் மடங்கு. பெருக்கினால் பதிமூன்று மடங்குக்கும் மேல்!

இரண்டும் ‘இருபது மெகாபிக்ஸல்’. ஒன்றுக்குள் போகிற வெளிச்சம் இன்னொன்றைப் போல பதிமூன்று மடங்கு. இதைச் சொல்லாமல் விற்பதற்குப் பெயர் வியாபாரமா?

*

சரி, இந்தப் பதிமூன்று மடங்கு யாருக்கு வேண்டும்? உங்களுக்குத்தான்.

வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கம். விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. பரமபத வாசல் திறந்து, நம்பெருமாள் ரத்னாங்கியில் வருகிறார். ஸ்ரீபாதம் தாங்கிகள் சும்மா நடந்து வருவதில்லை. சிம்ம கதி என்று ஒரு நடை, அசைந்து, நின்று, பாய்ந்து வருவார்கள். சுற்றிலும் இருட்டு, தீவட்டியும் விளக்கும்தான் வெளிச்சம். (கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. தமிழ்நாடு முழுக்கக் கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மூலஸ்தானத்தில் கேமராவை நீட்டுவது எப்போதுமே கூடாது. நான் சொல்வது அனுமதி உள்ள இடங்களையும், வீதிப் புறப்பாடுகளையும்.)

இந்த வெளிச்சத்தில் சோனி ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து மூடினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு வெளிச்சத்தைச் சேர்க்க கேனன் கிட்டத்தட்ட கால் நொடி கண் திறந்திருக்க வேண்டும். கால் நொடியில் பல்லக்கு எங்கே, பெருமாள் எங்கே? தங்க நிறத்தில் ஒரு தீற்றல்தான் கிடைக்கும். ‘எங்க கேமராவில் கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி இருக்கே’ என்பீர்கள். இருக்கிறது. உங்கள் கை நடுக்கத்தை அது சமாளிக்கும். பல்லக்கின் ஆட்டத்தை நிறுத்த எந்த லென்ஸாலும் முடியாது.

ஃப்ளாஷ் போடலாமே? போடுங்கள். இத்தனூண்டு ஃப்ளாஷின் வெளிச்சம் மூன்று, நாலு மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கிவிடும். முன்னால் நிற்கிற மாமாவின் வழுக்கைத் தலை ஜகஜ்ஜோதியாக விழும். பின்னால் பெருமாள் இருட்டில் இருப்பார்.

சோனிக்கும் ஒரு வியாதி உண்டு. அந்த 1.8 என்கிற பெரிய வாய் ஜூம் செய்யாதவரைதான். முழுக்க ஜூம் செய்தால் 4.9 ஆகச் சுருங்கிவிடும். எனவே தூரத்தில் நின்று ஜூமைத் திருகாமல் கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போய் நிற்கிறவருக்குத்தான் அந்தக் கேமரா.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இருட்டு மட்டும் எதிரி இல்லை. இருட்டும் அசைவும் சேர்ந்தால்தான் எதிரி. சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைத் தூண்கள் இருக்கின்றனவே, கல்லில் பாய்கிற அந்தக் குதிரைகள் பல நூறு வருஷமாக அதே இடத்தில்தான் பாய்கின்றன. கேமராவை ஒரு திண்ணையில் ஆடாமல் வைத்து, டைமரைப் போட்டு, நிதானமாக எடுத்தால் கேனனிலும் பிரமாதமாக வரும்.

இந்தச் சூட்சுமம் பழசு. லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்காரக் கேப்டன் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் போட்டோ எடுத்து, அவை 1858-ல் ஆல்பங்களாக வந்தன. பெரிய பெரிய காகித நெகட்டிவ்கள், பெரும்பாலும் மெழுகு பூசியவை, வெளிச்சத்தை மெதுவாக வாங்கிக்கொள்பவை. அவர் தேர்ந்தெடுத்தது கோபுரத்தையும் மண்டபத்தையும் மலையையும். ஓடுகிற தேரைத் துரத்தவில்லை. தன் கருவியால் என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிந்து வைத்திருந்தார். நூற்றறுபது வருஷம் கழித்தும் நாம் அதைத் தெரிந்துகொள்ளாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

*

அப்படியானால் கேனன் குப்பையா? அங்கேதான் தப்பு செய்கிறீர்கள். வாருங்கள், மலைக்கோட்டை உச்சிக்குப் போவோம்.

உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே நின்று வடக்கே பாருங்கள். காவிரி, பாலம், தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். பல நூற்றாண்டு மொட்டையாக நின்று, 1987-ல் கும்பாபிஷேகம் கண்ட 13 நிலை கோபுரம். உயரம் சுமார் 72 மீட்டர். நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து அது சுமார் மூன்றரை கிலோமீட்டர்.

சோனியை எடுங்கள். முழுக்க ஜூம் செய்யுங்கள். பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் சொன்னால் 100 மில்லிமீட்டர் லென்ஸ். படத்தின் உயரத்தில் கோபுரம் எத்தனை பங்கு? பத்தில் ஒரு பங்குகூட வராது. ‘இதுதான் ராஜகோபுரம்’ என்று ஊருக்கு அனுப்பினால், ‘எது, அந்தத் தென்னை மரத்துக்குப் பக்கத்தில் குச்சி மாதிரி இருக்கே, அதுவா?’ என்பார்கள்.

இப்போது கேனன். ஜூமை முட்ட முட்டத் தள்ளினால் 960 மில்லிமீட்டர். கோபுரம் படத்தின் உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வந்து நிற்கும்! நிலை நிலையாக எண்ணலாம். சட்டைப் பையிலிருந்து எடுத்த சாமான் இதைச் செய்கிறது என்றால் அதற்குக் கும்பிடு போடத்தான் வேண்டும். காவிரி மணல் திட்டில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு, முக்கொம்பில் தண்ணீர்க் கரையில் உட்கார்ந்திருக்கிற மீன்கொத்தி... இதெல்லாம் கேனனின் ராஜ்ஜியம். சோனிக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

ஆனால் இங்கேயும் உபதேசம் உண்டு. முழு ஜூமில் லென்ஸின் வாய் 6.9 ஆகச் சுருங்குகிறது. காலை ஏழு, எட்டு மணி இளவெயில் வேண்டும். உச்சி வெயிலில் போனால் ஆற்று மணலும் தார் ரோடும் கக்குகிற அனலில் கோபுரமே நெளியும். அதைவிட முக்கியம், குட்டி வாய்க்குள் நுழைகிற வெளிச்சம் விளிம்பில் பட்டுக் கொஞ்சம் சிதறும். இது இயற்பியல் விதி, எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. முழு ஜூமில் ஒரு புள்ளியில் விழ வேண்டிய வெளிச்சம் பக்கத்துப் புள்ளிகள் மேலும் வழிகிறது. அங்கே அந்த 20 மெகாபிக்ஸல் பேருக்குத்தான்.

இன்னொரு மோசடியையும் தெரிந்துகொள்ளுங்கள்: ‘டிஜிட்டல் ஜூம்’. லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவது அசல் ஜூம். டிஜிட்டல் ஜூம் என்பது தோசையின் நடுவில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து, ‘பாருங்க, தோசை பெரிசாயிடுச்சு’ என்பது. அந்த எண்ணை டப்பாவில் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. நல்ல வெளிச்சம், பூச்சியோ கைக்கு எட்டும் தூரம். இங்கே இரண்டு கேமராவும் தேறும். சொல்லப்போனால் குட்டி சென்சாருக்கு ஒரு சலுகையும் உண்டு. கிட்டத்தில் எடுக்கும்போது இறக்கையின் முன்பகுதியும் பின்பகுதியும் சேர்ந்து தெளிவாக விழும். வாசல் சின்னதாக இருப்பதில் உள்ள சில நன்மைகளில் இது ஒன்று.

ஆக, தீர்ப்பு? எந்தக் கேமரா நல்லது என்ற கேள்வியே அபத்தம். அகப்பை நல்லதா, அரிவாள்மனை நல்லதா என்று கேட்பது போல. ரசம் ஊற்றவா, காய் நறுக்கவா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

*

‘‘அட போங்க சார், கையில் செல்போன் இருக்கு. யார் இன்னிக்கு கேமரா வாங்கறாங்க?’’ என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது.

நியாயமான கேள்வி. ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2023-ல் சுமார் 77 லட்சம். குட்டி கேமராவின் கதையைச் செல்போன் ஏறக்குறைய முடித்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய மெகாபிக்ஸல் பித்தலாட்டம் செத்ததா? சிம் கார்டு போட்டுக்கொண்டு செல்போனுக்குள் குடியேறிவிட்டது! 2023-ல் வந்த ஒரு பிரபல போனில் 200 மெகாபிக்ஸல். வாங்கி, சாதாரணமாக க்ளிக் செய்தால் வருகிற படம் 12 மெகாபிக்ஸல். பதினாறு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கித் தருகிறார்கள். அப்படிச் செய்வது நல்லதுதான், படம் தேறும். அப்புறம் எதற்கு அந்த 200? நீங்கள் வாயைப் பிளக்க!

போன் கெட்டிக்காரத்தனமாக இன்னொன்றும் செய்கிறது. இருட்டில் பல படங்களை மளமளவென்று எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு நல்ல படமாக்குகிறது. குதிரைத் தூணுக்குச் சரி. சிம்ம கதிக்கு? மறுபடியும் தீற்றல்தான். வாசல் சின்னது என்கிற உண்மையை எத்தனை சாஃப்ட்வேர் போட்டாலும் முழுசாக மறைக்க முடியாது. நாலு தலைமுறை பழைய கேமராவை ‘ரெட்ரோ’ என்று கொள்ளை விலைக்கு வாங்குகிற இளசுகளுக்கும் இதேதான் சொல்கிறேன். பழசாக இருப்பது ஒரு தகுதி இல்லை. வாசல் எவ்வளவு பெரிசு?

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் தெரியுமா?

நம் வாழ்க்கையை ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். நமக்கு முக்கியமான தருணம் எதுவுமே நல்ல வெளிச்சத்தில் நடப்பதில்லை. முகூர்த்தம் பெரும்பாலும் விடிந்தும் விடியாமலும், அதுவும் ஹோமப் புகைக்கு நடுவில். வளைகாப்பு வீட்டுக் கூடத்தில், ஒரு ட்யூப் லைட்டில். கொலு ராத்திரி. கார்த்திகை தீபம் ராத்திரி. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பெண் ஆடுவது மங்கலான மேடையில். நமக்குக் கேமரா விற்கிறவன் விளம்பரத்தில் காட்டுவதோ, பட்டப்பகலில் பனிமலை, கடற்கரை, பலூன்! அந்த வெயிலில் எந்த டப்பாவில் எடுத்தாலும் படம் வரும்.

அறுபதாம் கல்யாணத்தில் அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டுகிற ஒரு நொடியை எடுத்தீர்கள். முகம் தெரியாமல் கலங்கிப் போயிற்று. அடுத்த வருஷம் அப்பா இல்லை. அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க எந்தக் கம்பெனி எந்த சர்வீஸ் சென்டரில் டோக்கன் கொடுக்கும்? இருபது மெகாபிக்ஸலும் இருந்ததே சார், எங்கே போயிற்று? இந்த இழப்புக்கு வாரன்ட்டி கார்டில் இடம் இல்லை. அதனால்தான் கோபம்.

‘‘கஸ்டமர் கேக்கறதைத்தான் நாங்க சொல்றோம்’’ என்பார்கள் கடைக்காரர்கள். கேட்கக் கற்றுக்கொடுத்தது யார்? சென்சார் அளவை அவர்கள் முழுசாக மறைக்கவில்லை, உண்மைதான். பொடி எழுத்தில் ‘1/2.3 இன்ச்’ என்று ஒரு பின்னம் இருக்கும். இன்னொன்றில் ‘1 இன்ச்’ என்று இருக்கும். ஒரு இன்ச் என்றால் 25.4 மில்லிமீட்டர் என்று நாம் படித்திருக்கிறோம். அந்த ‘1 இன்ச்’ சென்சாரைக் குறுக்கே மூலைக்கு மூலை அளந்தால்கூட 16 மில்லிமீட்டர்தான்! ஏன்? அந்தக் காலத்து டி.வி. கேமராவின் கண்ணாடிக் குழாயின் வெளிச்சுற்றை வைத்து வந்த அளவாம். குழாய் மியூசியத்துக்குப் போய்விட்டது, பொய் மட்டும் கடையில் இருக்கிறது. டப்பாவின் குறுக்களவைச் சொல்லி உள்ளே இருக்கிற அல்வாவை விற்பது போல.

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று போடாவிட்டால் எடையளவுச் சட்டப்படி குற்றம். பொருளின் தரம், அளவு, திறன் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சென்சாரின் நீளம் இத்தனை, அகலம் இத்தனை என்று மில்லிமீட்டரில், மெகாபிக்ஸல் எழுத்துக்குச் சமமான சைஸில், டப்பாவின் நெற்றியில் போடச் சொன்னால் கம்பெனிக்கு என்ன செலவு? ஒரு சொட்டு மசி. கேமராவுக்கும் சரி, செல்போனுக்கும் சரி, இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

நான் படித்தது பி.காம். மெர்க்கன்டைல் லா பேப்பரில் தூக்கக் கலக்கத்திலும் மறக்காத ஒரு பிரிவு உண்டு. 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. பொதுவாக, வாங்குகிறவன்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆனால் ‘எனக்கு இன்ன காரியத்துக்கு வேண்டும்’ என்று கடைக்காரரிடம் தெரியப்படுத்தி, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்கு உதவுகிற பொருளாகக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. அதே பிரிவில் ஒரு பொடியும் வைத்திருக்கிறார்கள். கம்பெனிப் பேரைச் சொல்லி இன்ன மாடல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்!

சட்டத்துக்கே புரிந்திருக்கிறது பாருங்கள். பேரைச் சொல்லாதே, காரியத்தைச் சொல்.

எனவே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது மெகாபிக்ஸல் என்ற வார்த்தையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ‘‘கொலுவும் கல்யாணமும் புறப்பாடும் எடுக்கணும், கிட்டத்தில் நின்றுதான் எடுப்பேன்’’ என்று சொல்லுங்கள். அல்லது ‘‘கொக்கும் கோபுரமும் எடுக்கணும், பகலில்தான் எடுப்பேன்’’ என்று சொல்லுங்கள். சென்சார் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். லென்ஸின் எஃப் எண், ஜூமின் ஆரம்பத்தில் எத்தனை, கடைசியில் எத்தனை என்று கேளுங்கள். கடைசியாக, கடை வாசல் வெயிலில் படம் எடுத்துக் காட்ட வந்தால் விடாதீர்கள். கடையிலேயே இருட்டான மூலையைக் காட்டி, கூட வந்த குழந்தையைக் கையை ஆட்டச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். படத்தைப் பெரிதாக்கி, விரல் எத்தனை என்று எண்ணுங்கள்.

அஞ்சு விரல் தெரிந்தால் பில் போடச் சொல்லுங்கள். இல்லையா... செருப்பு வாசலில்தான் இருக்கிறது!